சந்தியிலிருந்து படலை வரை: யாழ்ப்பாணத்தில் இரவில் வீடு திரும்புவது பற்றி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் அது உதவும். உங்களுக்கு இருபத்துநான்கு வயது. யாழ் நகரில் ஸ்ரான்லி வீதிப் பக்கம், இங்கிலாந்து வாடிக்கையாளருக்காக இயங்கும் நிறுவனமொன்றில் வேலை. இரவு பத்து மணிக்கு வேலை முடிகிறது. வீடு உரும்பிராய்ச் சந்திக்கு அப்பால் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. நிறுவன வாகனம் சந்தி வரைக்கும்தான் வரும் என்பதால் இரண்டு மாதத்துக்கு முன் ஸ்கூட்டி வாங்கியிருக்கிறீர்கள். அறுபத்துமூன்று வயதான அப்பா, கண்புரையோடு, சைக்கிளில் சந்திக்கு வந்து காத்து நிற்கிறார். அம்மா வேலையை விடச் சொல்கிறார். கைப்பையில் மிளகாய்த்தூள் வைத்திருக்கிறீர்கள். கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் வரும் தம்பி அதிகாலையில் தனியே இறங்கி நடப்பதும் கவலையாக இருக்கிறது. உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருபத்தேழு ஆண்டுகள் தாதியாக இருந்தவள். அதில் பெரும்பகுதி விபத்துப் பிரிவில் கழிந்தது. மாலைக் கடமை ஏழு மணிக்கு முடிந்தாலும் அடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வர எட்டு மணியாகிவிடும்; அதற்குள் எங்கள் பக்கம் போகும் கடைசிப் பேருந்து போயிருக்கும். ஆகவே நீங்கள் கேட்கும் வீதி எனக்கு இரண்டு விதத்தில் தெரியும்: அதில் இரவில் போனவளாகவும், அதில் அடிபட்டு வந்தவர்களின் காயத்தைக் கழுவிக் கட்டியவளாகவும்.

இந்த இரண்டாவது அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் முதல் விடயத்தைச் சொல்கிறேன், உங்கள் அம்மா அதை ஏற்க மறுத்தாலும். இரவில் வீடு திரும்பும் ஒரு பெண்ணைப் பற்றி நினைத்தவுடன் வீட்டாருக்கு மனதில் வருவது வழிமறிப்பு, வாள்வெட்டு, சங்கிலி அறுப்பு. இவை இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்குப் பின் எங்கள் கட்டிலுக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோரை அங்கே கொண்டுவந்தது மாடு, நாய், பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரம், வெளிச்சம் இல்லாமல் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்த ரிப்பர் லொறி, குடித்துவிட்டு எதிரே வந்த மோட்டார் சைக்கிள் ஆகியவைதான். வந்தவர்களில் அதிகமானோர் இளம் ஆண்கள். மகளுக்கு நூறு அறிவுரை சொல்லும் வீடு மகனிடம் தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டு என்று ஒருமுறைகூடச் சொல்லியிருக்காது.

மாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் வெயில் குடித்த தார் வீதி இரவில் நெடுநேரம் சூடு ஆறாமல் இருக்கும். அந்தச் சூட்டுக்காகவே கட்டாக்காலி மாடுகள் வீதியின் நடுவில் வந்து படுக்கின்றன. மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஈரத் தரையை விட்டு வீதிக்கு ஏறும் மாடுகள் இன்னும் அதிகம். கறுத்த மாடு, கறுத்த தார், எதிரே வரும் வாகனத்தின் கண்கூச வைக்கும் வெளிச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கிட்டே போகும்வரை எதுவும் தெரியாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நீங்கள் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடுகிறீர்கள்; கண் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அந்த ஒரு விநாடி முடிந்துவிடும். 40 இல் அது 11 மீற்றர். ஸ்ரான்லி வீதியிலிருந்து உரும்பிராய் ஏழெட்டுக் கிலோமீற்றர்தான். 60 இல் போவதற்கும் 40 இல் போவதற்கும் இடையில் நீங்கள் மிச்சம் பிடிப்பது நான்கு நிமிடம். பின்னால் யாரோ வருகிறார்கள் என்ற பயத்தில் வேகத்தைக் கூட்டியதால் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் வந்தவர் பல வேளைகளில் தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதராகவே இருந்தார்.

ஆகவே ஸ்கூட்டியில் முதலில் கவனிக்க வேண்டியது முன்விளக்கு. அது தரையை நோக்கித் தாழ்ந்திருக்கிறதா, வானத்தை நோக்கி உயர்ந்திருக்கிறதா என்று ஒருநாள் மாலையில் சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்து, தேவையானால் கராச்சில் சரிசெய்துகொள்ளுங்கள். தலைக்கவசத்தின் முன் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் பகலில் பெரிதாகத் தெரியாது, இரவில் எதிர் வெளிச்சம் அந்தக் கீறலில் சிதறி உங்களைக் குருடாக்கும். அதைச் சில நூறு ரூபாய் பாராமல் மாற்றிவிடுங்கள். முகம் தெரியக்கூடாது என்று கறுத்தக் கண்ணாடி போட்டு இரவில் ஓடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். சுடிதாரின் சால்வையைப் பின்னால் பறக்க விடாமல் கழற்றிப் பையில் வையுங்கள். பெற்றோல் பாதித் தாங்கிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரவு பத்து மணிக்கு எந்தச் செட் திறந்திருக்கும் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி மனிதர்களைப் பற்றி வருகிறேன். இருட்டுத்தான் ஆபத்து என்று நாங்கள் நினைத்துப் பழகிவிட்டோம். போரினால் 1990 இற்குப் பின் பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாத ஊரில், சைக்கிளில் தைனமோ வெளிச்சத்தோடு கடமைக்குப் போய்வந்த எங்கள் தலைமுறைக்கு இருட்டு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அப்போது பயம் வேறு திசையிலிருந்து வந்தது. 2015 இல் புங்குடுதீவில் ஒரு மாணவி கடத்திக் கொல்லப்பட்டாளே, அந்தக் கடத்தல் இரவில் நடக்கவில்லை, பள்ளிக்கூடம் போகும் காலை வேளையில் நடந்தது. அந்த வழியில் அந்த நேரத்தில் ஆட்கள் இல்லை. நான் சொல்ல வருவது இதுதான்: வழியைத் தெரிவு செய்யும்போது வெளிச்சத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு சத்தம் போட்டால் எத்தனை வீட்டுக் கதவு திறக்கும், எத்தனை கடையிலிருந்து தலை வெளியே நீளும் என்பதைப் பாருங்கள். விளக்குக் கம்பம் நின்றாலும் இரு பக்கமும் தோட்டக்காணியாக இருக்கும் வீதியைவிட, விளக்கு இல்லாவிட்டாலும் வீடுகள் நெருங்கி நிற்கும் வீதி நல்லது.

உங்களுக்குப் பலாலி வீதிதான் வழி. கந்தர்மடம், திருநெல்வேலி வரை ஒரு குறையும் இல்லை. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், கொத்துரொட்டிக் கடைகள், மருந்துக் கடைகள் என்று பத்து மணி தாண்டியும் ஆள் நடமாட்டம் இருக்கும். கோண்டாவில் தாண்டி உரும்பிராய்க்குள் நுழையும் வரையிலான துண்டில்தான் தோட்டங்கள் குறுக்கிடுகின்றன. அந்தத் துண்டுக்கு முன்னால், திருநெல்வேலிச் சந்தை அருகில், அரை நிமிடம் நிறுத்துங்கள். கடை வெளிச்சத்தில் நின்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பின்னால் வரும் ஒரு பேருந்துக்கோ குடும்பத்தோடு போகும் ஒரு ஓட்டோவுக்கோ பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். பருத்தித்துறை வீதியால் கல்வியங்காடு, இருபாலை போய் அங்கிருந்து குறுக்கே வரும் வழியை யாரும் சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள்; பகலில் அது அழகான வீதி. நல்லூரிலிருந்து செம்மணி வெளிக்குப் போகும் வீதியில் இரவு எந்தக் காரணத்துக்காகவும் தனியே போக வேண்டாம் என்று சாவகச்சேரிப் பக்கம் இருக்கும் உங்கள் நண்பிகளுக்கும் சொல்லுங்கள். அவர்களுக்குக் கண்டி வீதியே போதும்.

நாளுக்கு ஒரு வழியை மாற்றிக்கொள்ளுங்கள், அப்போதுதான் யாரும் குறிவைக்க முடியாது என்று ஓர் அறிவுரை உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் வேலை முடியும் நேரம் ஊருக்கே தெரியும். போய்ச் சேரும் வீடும் தெரியும். வழியை மாற்றுவதால் குழம்பப்போவது உங்களைத் தேடி வரவேண்டிய உங்கள் வீட்டார்தான். ஒரே வழியால் போங்கள், அந்த வழி வீட்டிலுள்ள எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். நிறுவனத்திலிருந்து படலைக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள். அது இருபத்தைந்து நிமிடமென்றால், முப்பத்தைந்தாவது நிமிடத்தில் அம்மா அழைக்க வேண்டும். நீங்கள் எடுக்காவிட்டால் நாற்பதாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டு அண்ணா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே வழியால் எதிரே வர வேண்டும். இது யார் யார் பொறுப்பு என்பதை இன்றைக்கே பேசி வையுங்கள். வட்ஸ்அப்பில் நீங்கள் இருக்கும் இடத்தை நேரலையாகக் காட்டும் வசதி 15 நிமிடம், ஒரு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் என்று மூன்று அளவில் இருக்கிறது. புறப்படும்போது ஒரு மணித்தியாலத்துக்குப் போட்டுவிட்டால் போதும். ஆனால் அதை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் பயன். அம்மாவின் போன் சாமியறையில் சார்ஜில் கிடந்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சாமிக்கு மட்டும்தான் தெரியும்.

நேரத்தைப் பற்றி நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லாத ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் ஒக்ரோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் மணிக்கூட்டை மாற்றுவார்கள். அங்கே மாலை ஐந்தரை மணி என்பது கோடையில் எங்களுக்கு இரவு பத்து. ஒக்ரோபருக்குப் பின் அது இரவு பதினொன்று. ஆகவே இப்போது பத்து மணிக்கு முடியும் உங்கள் வேலை, மாரி மழை தொடங்கி, வெள்ளவாய்க்கால் நிரம்பி, கடைகள் நேரத்தோடு பூட்டும் அந்தக் காலத்தில்தான் ஒரு மணித்தியாலம் பிந்தப்போகிறது. திருநெல்வேலியில் இப்போது நீங்கள் காணும் கடைகளில் பாதி பதினொன்றுக்குத் திறந்திருக்காது. நிறுவனத்தோடு பேசுவதாக இருந்தால் அதற்கு முன் பேசுங்கள்.

பேசத்தான் வேண்டும் என்பது என் கருத்து. சந்தி வரை வாகனம் விடுவது நிறுவனத்துக்கு வழியில் பாதி, உங்களுக்கு ஆபத்தில் பாதி அல்ல. பிரதான வீதியில் வாகனத்துக்குள் இருக்கும்போது உங்களுக்கு ஒன்றும் நடக்கப்போவதில்லை. இறக்கிவிட்ட பின் சந்தியிலிருந்து படலை வரை நடக்கும் அந்த எழுநூறு மீற்றரில்தான் எல்லாக் கவலையும் இருக்கிறது. இரவு முடியும் வேலையில் உள்ள பெண்கள் எல்லோரும் சேர்ந்து, எழுத்தில், இரண்டு விடயம் கேளுங்கள்: வாகனம் படலைக்கு வர வேண்டும், நீங்கள் உள்ளே போய் வெளி லைற் அணைந்த பின்னரே சாரதி வண்டியைத் திருப்ப வேண்டும். தனியே கேட்டால் சலுகை கேட்பதுபோல் இருக்கும், பத்துப்பேர் கேட்டால் ஒழுங்கு கேட்பதாக இருக்கும். அது கிடைத்தால் மாரி காலத்தில் ஸ்கூட்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

அந்த எழுநூறு மீற்றரை இன்னும் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். ஒழுங்கைக்குள் திரும்பும்போது வேகம் தானாகக் குறைகிறது. கிடுகு வேலியோ மதிலோ இரு பக்கமும் உயர்ந்து நிற்பதால் உங்களை வீதியிலிருந்து யாரும் காண முடியாது. படலைக்கு முன்னால் நிறுத்துகிறீர்கள். என்ஜினை அணைக்கிறீர்கள், அதோடு முன்விளக்கும் போய்விடுகிறது. தலைக்கவசத்தைக் கழற்றுகிறீர்கள். கைப்பைக்குள் திறப்பைத் தேடுகிறீர்கள். அது எப்போதும் அடியில்தான் கிடக்கும். பூட்டின் துவாரம் இருட்டில் தெரியாது. பூட்டைத் திறந்து, தள்ளி, திரும்பி வந்து ஸ்கூட்டியை எடுத்து, உள்ளே விட்டு, மறுபடி வந்து பூட்டுகிறீர்கள். இரண்டு நிமிடம் வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதும் கையும் வேறெங்கோ இருக்க நிற்கிறீர்கள். பயணம் முழுவதிலும் நீங்கள் மிகவும் கவனமில்லாமல் இருக்கும் இரண்டு நிமிடம் இதுதான், ஏனென்றால் வீடு வந்துவிட்டது என்று மனம் நினைத்துவிட்டது.

இதை மாற்றுவதற்குச் செலவு அதிகமில்லை. படலைத் தூணில் ஆள் அசைவு கண்டால் தானாக எரியும் ஒரு லைற்றைப் பூட்டுங்கள். சூரிய ஒளியில் இயங்கும் சிறியவை இப்போது ஹாட்வெயார் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. நீங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது இரண்டு முறை ஹோர்ன் அடிக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் வந்து படலையைத் திறக்க வேண்டும். நீங்கள் இறங்காமலே உள்ளே போக வேண்டும். ஒழுங்கை வாசலிலிருந்து உங்கள் வீடு வரை எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை வீட்டுக்கும் ஒரு பின்னேரம் அம்மாவோடு போய், இந்தப் பிள்ளை இரவு இந்த நேரத்துக்கு வருகிறது, ஹோர்ன் சத்தம் கேட்டால் ஒருக்கால் எட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். இரவு வேலையை ஊருக்கு மறைக்கப் பார்க்கும் வீடுகளை நான் அறிவேன். நாலு சனம் நாலு விதமாகக் கதைக்கும் என்ற பயம். கதைக்கிற சனம்தான் சத்தம் கேட்டால் ஓடிவரும் சனமும். அவர்களுக்குத் தெரிந்திருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

யாரோ பின்தொடர்வதாக உறுதியாகத் தோன்றினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பக்கூடாது. எனக்கு ஒருமுறை இது நடந்தது. கோண்டாவிலில் இருந்து ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். நான் வேகத்தைக் குறைத்தால் அவர்களும் குறைத்தார்கள், கூட்டினால் கூட்டினார்கள். என் ஒழுங்கையைத் தாண்டிப் போனேன். கை நடுங்கியது உண்மை. அரைக் கிலோமீற்றர் தாண்டி ஒரு செத்தவீடு. பந்தல் போட்டு, ரியூப்லைற் கட்டி, வாசலில் பிளாஸ்ரிக் கதிரைகளில் பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார்கள். நேரே உள்ளே விட்டு நிறுத்தினேன். வந்தவர்கள் நிற்காமல் போய்விட்டார்கள். செத்தவர் யாரென்றே எனக்குத் தெரியாது. விடயத்தைச் சொன்னதும் ஒரு பிளேன்ரீயைக் கையில் தந்து, இரண்டு பெடியளை வீடு வரை கூட அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் நள்ளிரவில் செத்தவீட்டைவிடப் பாதுகாப்பான இடம் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. அது இல்லாத இரவுகளில் கொத்துரொட்டிக் கடை, திருவிழா நடக்கும் கோயில், வைத்தியசாலை வாசல், பொலிஸ் நிலையம் எதுவும் சரி. இவை எதுவும் கிட்டே இல்லையென்றால் வெளிச்சம் தெரியும் ஏதாவது ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தி, ஹோர்னை விடாமல் அடியுங்கள். நாய் குரைக்கும், ஒழுங்கையே விழிக்கும்.

சங்கிலி அறுப்பவர்களுக்கு இப்படிப் பின்தொடர்ந்து வரவும் தேவையில்லை. கண்மூடித் திறப்பதற்குள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். போகும் நகையைவிட அந்த இழுப்பில் ஓடும் ஸ்கூட்டியிலிருந்து விழுவதுதான் கொடியது. பதினொரு பவுண் தாலிக்கொடி அறுந்த ஒரு அம்மாவுக்குக் கழுத்தைச் சுற்றி ஊசியால் கீறியதுபோல் ஒரு சிவப்புக்கோடு. அதற்கு மருந்து போட இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. தோள் எலும்புக்கு மூன்று மாதம் எடுத்தது. நீங்கள் வேலைக்குப் போகும்போது கழுத்தில் ஒன்றும் போடாதீர்கள். பையை ஒரு தோளில் தொங்க விடாமல், ஸ்கூட்டியின் இருக்கைக்கு அடியில் பூட்டி வையுங்கள். யாராவது கைவைத்து இழுத்தால் விட்டுவிடுங்கள். போன் போனால் வாங்கலாம்.

மிளகாய்த்தூளை வீட்டில் குழம்புக்கே வைத்துவிடுங்கள். ஓடும் ஸ்கூட்டியில் எதிர்க்காற்று அதை உங்கள் கண்ணுக்கே திருப்பும்; நின்றுகொண்டு போட்டாலும் பொதியைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டும். திறப்புக் கோர்வையில் ஒரு விசிலை மாட்டுங்கள். இந்த ஊரில் சத்தம் நெடுந்தூரம் போகும்.

இலக்கங்களைப் போனில் சேமித்தால் போதாது, மனதிலும் இருக்க வேண்டும். பொலிஸ் அவசர அழைப்பு 119. அம்புலன்ஸ் 1990, அது இலவசம், 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, விபத்தைக் கண்டால் காயப்பட்டவரைத் தூக்கி ஓட்டோவில் மடித்துப் போடுவதைவிட அந்த இலக்கத்தை அழைப்பதே மேல். முதுகெலும்பு உடைந்தவரை அவசரத்தில் தூக்கி, நடக்க முடியாதவராக்கிவிட்ட நல்ல மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பேருந்தில் நடந்த விடயமென்றால் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955. இவற்றோடு கோப்பாய்ப் பொலிஸ் நிலையத்தின் நேரடி இலக்கத்தையும் எடுத்து வையுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து வருவதற்கு அவர்கள்தான் கிட்ட. அழைக்கும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள். பதற்றத்தில் என்ன நடந்தது என்பதை விபரித்துக்கொண்டே போய், எங்கே என்று சொல்வதற்குள் இணைப்பு அறுந்துபோவதுண்டு. வழியிலுள்ள சந்திகளின் பெயர், பாடசாலை, கோயில் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இரவுச் சோதனையில் பொலிஸ் மறித்தால் சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வரிப் பத்திரம், அடையாள அட்டை கையோடு இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். பெண்ணின் உடலைப் பெண் பொலிஸார் மட்டுமே சோதிக்கலாம் என்பது சட்டம். அதைப் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லலாம். சீருடை இல்லாத யாராவது இருட்டில் கைகாட்டினால், வேகத்தைக் குறைத்து, அடுத்த வெளிச்சத்தில் நிறுத்துவதாகக் கையால் காட்டிவிட்டு அங்கே போய் நிறுத்துங்கள்.

ஸ்கூட்டி பழுதாகி ஓட்டோவில் வரவேண்டிய நாட்களும் வரும். தெரிந்த ஒரு ஓட்டோ அண்ணா இருப்பதே முதல் வழி. உங்கள் ஊரிலேயே இருப்பவரென்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் அவரும் வீட்டுக்குத்தான் வருகிறார். அப்படி இல்லையென்றால் பிக்மீ போன்ற செயலியில் எடுப்பதில் ஒரு நன்மை, சாரதியின் பெயரும் வாகன இலக்கமும் பதிவில் இருக்கும், பயணத்தை வீட்டாருக்குப் பகிரலாம். ஏறுமுன் தகட்டு இலக்கமும் திரையில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். வீதியில் மறித்து ஏறினால், ஏறுமுன் தகட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே இருந்து அம்மாவுடன் சத்தமாகப் பேசுங்கள்: இந்த இலக்க ஓட்டோவில் வருகிறேன், திருநெல்வேலி தாண்டிவிட்டேன் என்று. நல்ல சாரதிக்கு அதில் கோபம் வராது. சாரதிக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் ஏற வேண்டாம். நண்பர், தம்பி என்று என்ன விளக்கம் சொன்னாலும் சரி.

பேருந்தில் கை நீளும் விடயத்தையும் நீங்கள் ஒரு வரியில் தொட்டிருந்தீர்கள். அது இரவுக்கு மட்டும் உரியதல்ல. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், பொதுப் போக்குவரத்தில் ஒருமுறையேனும் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம். 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி இது குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம், சொல்லால் செய்தாலும் அதே பிரிவுதான். ஓடும் பேருந்தில் சட்டப் பிரிவைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். நடத்துநரைப் பெயரிட்டோ "அண்ணை" என்றோ உரத்துக் கூப்பிட்டு, "இந்த நீலச் சேட்டுக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கோ" என்று சொல்லுங்கள். சேட்டின் நிறத்தைச் சொன்னவுடன் பேருந்து முழுவதும் திரும்பிப் பார்க்கும்; முணுமுணுத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

தம்பியின் விடயம். கொழும்பிலிருந்து இரவு வரும் பேருந்துகள் நான்கு, ஐந்து மணிக்கிடையில் வந்து சேர்கின்றன. அரைத் தூக்கத்தில், நடத்துநர் சத்தம் போட, கண்டி வீதியில் எங்காவது ஒரு சந்தியில் இறங்கிவிடுவதுதான் பிழை. கூட்டிப்போக ஆள் வந்து நிற்பது உறுதியாகத் தெரிந்தாலொழிய அவர் யாழ் நகரம் வரை வந்து, வைத்தியசாலைப் பக்கம் வெளிச்சத்தில் ஒரு தேநீர் குடித்து, ஐந்தரை மணிவரை இருந்துவிட்டு முதல் உள்ளூர்ப் பேருந்தில் வரட்டும். அதிகாலை நான்கு மணிக்கு ஒழுங்கை நாய்கள் கூட்டமாக நிற்கும். பையோடு ஓடுகிறவனைக் கண்டால் விடாது. ஓடாமல், நாயின் கண்ணைப் பார்க்காமல், பையை முன்னால் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விடிந்த பிறகு பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

கடைசியாக அப்பா. தங்கச்சி, கண்புரையோடு இரவு பத்து மணிக்குப் பிரதான வீதியில் சைக்கிள் ஓட்டும் ஒருவர் உங்களைக் காப்பாற்ற வரவில்லை, நாங்கள் மேலே பேசிய மாட்டின் இடத்தில் அவரே நிற்கிறார். எதிர் வெளிச்சம் பட்டால் கண்புரை உள்ளவருக்கு முன்னால் வெள்ளைப் புகைபோலத்தான் தெரியும். சத்திரசிகிச்சை செய்யும் வரைக்கும் சந்திக்கு வரவே வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் அவரைப் படுக்கச் சொன்னால் படுக்கமாட்டார், மகள் வரும்வரை நித்திரை வராது. ஆகவே அவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள்: ஹோர்ன் இரண்டு முறை கேட்டதும் படலையைத் திறந்துவிட்டு, ரோச்லைற்றோடு ஓரத்தில் நிற்க வேண்டும். ரோச்சை உங்கள் முகத்துக்கு அடிக்காமல், தரைக்கு அடிக்கச் சொல்லுங்கள். பழக இரண்டு மூன்று நாள் எடுக்கும். எங்கள் அப்பாவும் முதல் வாரம் முழுக்க என் கண்ணுக்குத்தான் அடித்தார்.